மீனாட்சி கோயிலில் கோபுரங்கள் பன்னிரண்டா, பதினான்கா?

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்கு எத்தனை கோபுரங்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் 14 என்று தயங்காமல் சொல்வார்கள். கொஞ்சம் விவரமாகப் பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால், “இல்லை, 12தான்” என்று குறுக்கிடுவார். இருவரும் ஒரே கோயிலைத்தான் எண்ணுகிறார்கள். ஒன்பது நிலைக் கோபுரங்கள் 4, ஏழு நிலையில் 1, ஐந்து நிலையில் 5, மூன்று நிலையில் 2 என்று கூட்டினால் 12 வரும். அம்மன் சன்னதியின் மேலும் சுவாமி சன்னதியின் மேலும் பொன்தகடு போர்த்து நிற்கும் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 14 ஆகிவிடும். அந்த இரண்டும் கோபுரங்கள் அல்ல, விமானங்கள்.

பேச்சு வழக்கில் கோயிலுக்குள் உயரமாக எது நின்றாலும் அது கோபுரம்தான். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைக்கூட ‘தஞ்சாவூர்க் கோபுரம்’ என்றே பலரும் சொல்கிறோம். இப்படிச் சொல்வதால் வழிபாட்டுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஆனால் இந்த இரண்டையும் பிரித்தறியாதவரை, மதுரையில் வாசல் ஏன் வானத்தைத் தொடுகிறது, சன்னதியின் உச்சி ஏன் அதற்குக் கீழே அடங்கி நிற்கிறது, வடக்குக் கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம் என்ற பெயர் எப்படி வந்தது, புது மண்டபத்துக்குக் கிழக்கே கூரையில்லாமல் நிற்கும் அந்தப் பெரிய கல் தூண்கள் எதற்காக எழுந்தன என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் சரியான விடை கிடைக்காது. கட்டடக் கலையில் முன் பழக்கம் இல்லாதவர்களுக்காக, வீட்டிலும் தெருவிலும் பார்க்கிற பொருள்களிலிருந்து தொடங்கி இதை விளக்க முயல்கிறேன்.

மண்டப வாசல் வளைவும் மணவறையும்

மதுரைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் வெளியே, சாலையிலேயே, வாழைமரமும் சீரியல் விளக்குகளுமாக இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வளைவு நிற்கும். அரை மைல் தூரத்திலிருந்து வருகிறவருக்கும் அது தெரிய வேண்டும். உள்ளே போனால், கூடத்தின் கடைசியில், மணமக்கள் அமரும் இடத்துக்கு மேலே பூவால் அமைத்த ஒரு சிறு விதானம் இருக்கும். அளவில் வளைவு பெரியது. ஆனால் தாலி கட்டுவது விதானத்தின் கீழேதான்.

கோயிலில் அந்த வளைவின் இடத்தில் இருப்பது கோபுரம். அது மதில்சுவரில் விட்ட வாசலின் மேல் எழுப்பிய கட்டடம். நாம் அதற்கு அடியில் நடந்து உள்ளே போகிறோம். மணவறை விதானத்தின் இடத்தில் இருப்பது விமானம். மூலவர் இருக்கும் கருவறையின் மேல் எழுப்பிய கட்டடத்துக்கு அந்தப் பெயர். சிற்ப நூல்களின் வழக்கில் கருவறையின் அடித்தளம் முதல் உச்சிக் கலசம் வரை முழுவதுமே விமானம்தான். அதன் அடியில் நாம் நடப்பதில்லை. அர்ச்சகர் மட்டுமே போவார்.

‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்ற வழக்கும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. உள்ளே போக முடியாதவர், நேரமில்லாதவர், வயலில் நின்று வேலை செய்பவர் ஆகியோரும் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட வாசல் உயர்ந்திருக்கிறது. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1939இல் நடந்த ஆலயப் பிரவேசம் வரை மீனாட்சி கோயிலில் அந்த வெளிப்பார்வை மட்டுமே வாய்த்திருந்தது என்பதையும் இந்தப் பழமொழியைச் சொல்லும்போது மறக்கலாகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மதுரைக்காரர்களில் பலர் வழக்கமாக அம்மனைப் பார்க்க நுழைவது கிழக்குப் பக்கத்து அஷ்டசக்தி மண்டபம் வழியாகத்தான். அந்த வாசலின் மேல் கோபுரமே கிடையாது. இத்தனை பெரிய கோபுரங்களை வைத்துக்கொண்டு, கோபுரமில்லாத வழியாக உள்ளே போகிற ஊர் இது.

கலசத்தை எண்ணுங்கள்

எது கோபுரம், எது விமானம் என்று தெருவில் நின்றபடியே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. உச்சியைப் பாருங்கள்.

கோபுரத்தின் தரைப்படம் நீள்சதுரம். வாசலின் இருபுறமும் மதிலின் போக்கிலேயே அது நீண்டு கிடக்கும். அதனால் அதன் உச்சியும் நீளமாகவே அமையும். கூண்டு கட்டிய மாட்டு வண்டியின் கூரையைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இந்த வடிவத்துக்குச் சாலை என்று பெயர். நீண்ட கூரை என்பதால் அதன் முதுகில் கலசங்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் எத்தனை நிலையோ அத்தனை கலசம். நிலை என்பது கோபுரத்தின் ஓர் அடுக்கு. 3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படையில்தான் அடுக்குவார்கள். நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

விமானத்தின் தரைப்படம் பொதுவாகச் சதுரம். எனவே அது நாற்புறமும் ஒரே அளவில் குறுகிக்கொண்டே போய், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு தலையில் முடியும். அந்தத் தலைக்குச் சிகரம் என்று பெயர். அதன் மேல் ஒரே ஒரு கலசம்.

பொற்றாமரைக் குளத்தின் தென்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் பாடம் முழுவதும் கண்முன்னே கிடக்கும். குளத்துத் தண்ணீருக்கு அப்பால், மண்டபக் கூரைகளுக்கு மேலே, வெயிலில் மின்னுகிற இரண்டு பொன் விமானங்கள் தெரியும். அவற்றில் சுவாமி சன்னதியின் மேல் இருப்பது இந்திர விமானம். அதே இடத்தில் தலையைத் திருப்பினால் தெற்குக் கோபுரம் முதுகுக்குப் பின்னால் மலைபோல் நிற்கும். வெளியூர் உறவினர்களை அழைத்துக்கொண்டு போகும்போது நான் முதலில் உட்கார வைப்பது இந்தப் படிக்கட்டில்தான். பாதிப் பேர் கோபுரத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பொன் விமானத்தைக் கையால் காட்டிய பிறகுதான், “இது இங்கேயா இருக்கிறது?” என்பார்கள்.

தமிழ்நாடு அரசின் முத்திரையை எடுத்துப் பார்த்தாலும் இதே சோதனை செல்லும். அதில் உள்ளது எந்த ஊரின் கோபுரம் என்ற வாக்குவாதத்தில் மதுரைக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் எளிதில் ஓய மாட்டார்கள். ஆனால் அது விமானம் அல்ல, கோபுரம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

இதுவரை பார்த்தவை இவ்வளவே: கோபுரம் வாசலுக்கு உரியது, நீள்சதுரமானது, கலச வரிசை உடையது. விமானம் கருவறைக்கு உரியது, பெரும்பாலும் சதுரமானது, ஒற்றைக் கலசம் உடையது.

சன்னதியைவிட வாசல் உயர்ந்தது எப்படி?

தஞ்சையில் விமானம் பெரியது, வாசல்கள் சிறியவை. மதுரையில் நேர்மாறு. தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 160 அடி. பொன் விமானங்களோ அதன் காலடியில் அடங்கிவிடும் அளவே. இதைப் பார்த்து, ‘உயரமானதே முக்கியமானது’ என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை.

ஒரு குடும்பத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டனார் கட்டிய பூஜையறையில் பேரன் கை வைக்க மாட்டான். அதை இடித்துப் பெரிதாக்க வேண்டுமென்றால் விளக்கை இடம் மாற்ற வேண்டும், படங்களை எடுக்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக அவன் முன்னால் ஒரு கூடம் சேர்ப்பான். அவன் மகன் காம்பவுண்டுச் சுவர் எடுத்து, வாசலில் பெரிய கேட் போடுவான். ஊர் பார்ப்பது கேட்டைத்தான்.

கோயில்களிலும் இதுதான் நடந்தது. மூலவரைப் பிரதிட்டை செய்த கருவறையைக் கலைப்பது எளிதல்ல. ஆனால் அதைச் சுற்றி இன்னொரு மதில் எழுப்பலாம். மதிலுக்கும் மதிலுக்கும் இடையே நாம் வலம் வரும் வெளிக்குத் திருச்சுற்று அல்லது பிராகாரம் என்று பெயர். புதிய மதில் பழையதைவிட நீளமானது. நீண்ட மதிலுக்குச் சிறிய வாசல் பொருந்தாது. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் வாசல் வளர்ந்துகொண்டே போயிற்று. 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே வாசல் விமானத்தை முந்தத் தொடங்கிவிட்டது. விசயநகர, நாயக்கர் காலங்களில் அது உச்சத்தைத் தொட்டது. வாசல் பெரிதாவதற்கு நடைமுறைத் தேவையும் இருந்தது. உற்சவர் வாகனத்தில் குடையோடு வெளியே வர வேண்டும். யானை வர வேண்டும். கொடி ஏந்திய யானை குனியாமல் நுழைகிற வாசல்களைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள் என்பதால், உயர்ந்த வாசலின் மேல் தமிழருக்கு இருந்த ஆசை நாயக்கர் காலத்தில் புதிதாக முளைத்ததும் அல்ல.

மதுரையின் சிறப்பு, இந்தச் சுற்றுகள் மதிலோடு நிற்காமல் ஊருக்குள்ளும் தொடர்ந்ததுதான். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி. பிறகு மாசி வீதி. கடைசியாக, ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் நின்ற எல்லையை ஒட்டி வெளி வீதி. விழா நடக்கும் மாதங்களே வீதிகளின் பெயர்களாயின. இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில் என்பதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். மாதம் மாறியது, வீதி மாறவில்லை.

உள்ளே இருப்பது பழையது, வெளியே போகப் போகப் புதியது என்ற பொது விதியை மதுரையில் அப்படியே பொருத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பையும் அதன் பின்னர் வந்த சுல்தான்களின் ஆட்சியையும் கடந்த இந்தக் கோயிலின் உட்பகுதிகளில் பெரும்பாலானவை நாயக்கர் காலத்தில் மீண்டும் எழுந்தவை. கிழக்குக் கோபுரமோ 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. அதாவது இங்கே வெளிவாசல்களில் ஒன்று, உள்ளே இருக்கும் பல மண்டபங்களைவிட வயதில் மூத்தது. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. தெற்குக் கோபுரத்தை 1559இல் கட்டியவர் அரசர் அல்ல, சிராமலை செவ்வந்தி மூர்த்தி செட்டி. நான்கும் ஒரே நாளில் திட்டமிட்டுக் கட்டியவை போலத் தெரிந்தாலும், முதலாவதற்கும் கடைசியாக முடிந்ததற்கும் இடையே 600 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

தேரைப் போல ஒரு கட்டடம்

இனி, கோபுரம் எப்படி நிற்கிறது என்பதற்கு வருவோம். ‘அந்தக் காலத்தில் முழுக்க முழுக்கக் கல்லிலேயே இவ்வளவு உயரத்துக்குக் கட்டினார்கள்’ என்று சொல்லாத சுற்றுலாப் பயணி இல்லை. அது பாதிதான் உண்மை.

மாசி வீதியில் தேரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழ்ப்பாகம் கனத்த மரம், சிற்பங்கள் செதுக்கியது, ஆண்டு முழுவதும் தேரடியில் நிற்பது அது மட்டும்தான். மேலே தெரிகிற உயரமெல்லாம் விழாவுக்கு முன் கம்புகளை நட்டு, கட்டி, சீலை போர்த்தி எழுப்புவது. கீழே கனம், மேலே லேசு. அதனால்தான் அது திருப்பத்தில் சாயாமல் திரும்புகிறது.

கோபுரமும் அந்த முறையில் எழுந்ததே. அடிப்பாகம் மட்டும் கருங்கல். வாசலையும் அதன் இருபுறத்துச் சுவர்களையும் கொண்ட இந்தப் பகுதியை ஸ்தபதிகள் கல்காரம் என்பார்கள். அதற்கு மேலே எழுகிற அத்தனை நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். உள்ளே தளங்களுக்கு மரம். அதற்கு மேல் சுதை. சுதை என்றால் சுண்ணாம்புக் கலவையால் பூசி உருவாக்கும் வேலைப்பாடு. வண்ண வண்ணமாகத் தெரிகிற கடவுளரும் பூதங்களும் யாளிகளும் செதுக்கியவை அல்ல. செங்கல் துண்டுகளால் உடம்பு கட்டி, மேலே கலவையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் கையாலும் கரண்டியாலும் வடித்தவை. தெற்குக் கோபுரத்தில் மட்டும் இப்படி 1500க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன.

மதுரையில் இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதே இல்லை. பாதியில் நின்ற கோபுரம் ஒன்று ஊர் நடுவிலேயே இருக்கிறது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம்; நெடுங்காலம் தையல் மெஷின்களின் சத்தமும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளுமாக இருந்த இடம். அதைத் தாண்டிக் கிழக்கே போனால், கடைகளுக்கு நடுவே, வாகனங்கள் உரசிக்கொண்டு போகிற வழியின் இரு பக்கமும் ஏறத்தாழ 50 அடி உயரத்துக்கு எழுந்து, அதற்கு மேல் எதுவும் இல்லாமல் நிற்கும் கல் நிலைக்கால்களைப் பார்க்கலாம். கொடியும் இலையுமாகச் செதுக்கிய வேலை அவ்வளவு நுணுக்கம். இதுதான் ராய கோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி, கல் வேலையோடு நின்றுபோனது. செங்கல் வேலை தொடங்கவே இல்லை. முடிந்திருந்தால் மற்ற நான்கையும் விஞ்சியிருக்கும். ஆனால் முடியாமல் நிற்பதால்தான் ஒரு கோபுரத்தின் கல்காரத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடிகிறது. கட்டடக் கலை கற்கும் மாணவனுக்கு முழுமையான நான்கு கோபுரங்களைவிட இந்தக் குறைக் கோபுரம் அதிகம் சொல்லிக்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

வடக்குக் கோபுரத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கி, மேல் நிலைகள் இல்லாமலேயே 300 ஆண்டுகள் நின்றது அது. தலையில்லாத கோபுரத்தை ஊர் மொட்டைக் கோபுரம் என்றது. 1878இல் வயிநாகரம் நாகப்ப செட்டியார் அதை முடித்துவைத்தார். தலை முளைத்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ஊர் வாயில் அது இன்னும் மொட்டைக் கோபுரம்தான். அங்கே காவல் இருப்பவர் மொட்டைக் கோபுரம் முனியாண்டிதான்.

பாரம் எங்கே இறங்குகிறது?

‘கோபுரந்தாங்கிப் பொம்மை’ என்று ஒருவரைச் சொன்னால், எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்பவர் என்று பொருள். கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும், கன்னம் உப்பி, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மேல் நிலையைத் தூக்கிப் பிடித்திருப்பது போல நிற்கும் பூதங்களிடமிருந்து வந்த வழக்கு அது. பொம்மை தாங்கவில்லை, பின் எது தாங்குகிறது?

சமையலறைக் கடப்பைக் கல்லை நினைத்துப் பாருங்கள். தரையில் பரப்பினால் அதன் மேல் எத்தனை அரிசி மூட்டையும் அடுக்கலாம். அதே கல்லை இரண்டு சுவர்களுக்கு இடையே நீளமாக வைத்து, நடுவில் முட்டுக் கொடுக்காமல் ஆட்டுரலை ஏற்றினால், ஒரு நாள் நடுவில் விரிசல் விடும். கல் நசுக்குவதை எளிதில் தாங்கும், வளைப்பதைத் தாங்காது.

கோபுரம் கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கல்காரம் என்பது உண்மையில் வாசலின் இருபுறமும் நிற்கும் இரண்டு பருத்த கல் மேடைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியை நீண்ட கல் உத்திரங்கள் மூடுகின்றன. சுவரிலிருந்து ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்று முன்னே நீட்டி நீட்டி வைத்து, உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைத்தார்கள். இவ்வளவு செய்தும் அந்த உத்திரங்களின் மேல் 100 அடி உயரத்துக்குக் கருங்கல்லை ஏற்றினால் தாங்காது. ஆகவேதான் மேலே செங்கல். அதுவும் கெட்டியாக அல்ல. கோபுரத்தின் உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் முன்னும் பின்னும் ஒரு திறப்பு விட்டிருப்பதைத் தெருவிலிருந்தே காணலாம். அது உள்ளே வெளிச்சமும் காற்றும் போக வழி. வாசலுக்கு நேர் மேலே விழும் பாரத்தைக் குறைக்கவும் உதவுகிறது. மேல் நிலைகளின் எடை சுவர்கள் வழியாக இரு பக்கத்துக்கும் பிரிந்து கல் மேடைகளில் இறங்கி, அங்கிருந்து அடித்தளத்துக்குப் போய்விடுகிறது.

குறுகிக்கொண்டே போவதும் இதற்குத்தான். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ளதைவிடச் சிறிது; ஆகவே எந்த நிலையின் மேலும் அதன் சக்திக்கு மீறிய சுமை இல்லை. தெற்குக் கோபுரத்தைத் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அதன் விளிம்பு நேர்க்கோடாக ஏறாமல், உள்நோக்கி மெல்ல வளைந்து மேலே போகிறது. கீழ் நிலைகள் வேகமாகக் குறுகி, மேல் நிலைகள் மெதுவாகக் குறுகுவதால் வரும் வளைவு அது. நான்கில் இதுவே அழகானது என்று ஊரார் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த விளிம்புதான்.

சுருக்கமாக: கீழே கல், மேலே செங்கல், உள்ளே வெற்றிடம், வெளியே சுதை. கனம் இரு பக்கத்துக் கல் மேடைகளில் இறங்குகிறது. பூதங்கள் சும்மா நிற்கின்றன.

சுண்ணாம்பும் அரசங்கன்றும்

சுண்ணாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்துக் கலவையாக்குவார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு நாள் பிடிக்கும்; சிமெண்டைப் போல மறுநாளே இறுகாது. ஆனால் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் செங்கல்லோடு சுண்ணாம்பு ஓரளவு இணங்கிப் போகும். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். சில தெருக்கள் தள்ளி இருக்கும் திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுக்கு வழவழப்புத் தந்ததும் இந்தச் சுண்ணாம்புதான். அங்கே முட்டை வெண்கருவும் சேர்ந்தது.

கல்காரம் ஆயிரம் ஆண்டு நிற்கும். சுதைக்கு அந்த ஆயுள் இல்லை. மழையில் நிறம் போகும், விரல்கள் உதிரும். இதைவிடப் பெரிய பகை பறவைகள். அரசம்பழத்தைத் தின்ற புறா ஏதோ ஒரு பூதத்தின் தோளில் எச்சமிட்டுப் போனால், அடுத்த மழைக்கு அங்கே இரண்டு இலையோடு ஒரு கன்று நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் வேர் சுண்ணாம்பு இணைப்பைத் தேடிப் போய்ப் பருத்து, செங்கல்லைச் செங்கல்லிலிருந்து பிரித்துவிடும். இலையைக் கிள்ளிவிட்டால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த குழியைக் காரையால் அடைக்க வேண்டும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற மரபை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். சமயக் காரணம் ஒருபுறம் இருக்க, சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றுக்கு வேண்டிய பராமரிப்புக் கால அட்டவணையும் அதுவே. மீனாட்சி கோயிலில் 2009 ஏப்ரல் 8 அன்று நடந்த கும்பாபிஷேகத்துக்கு முன், கோபுரங்களைச் சுற்றிச் சாரம் கட்டிக் கீற்றால் மூடியிருந்தார்கள். வெகு தூரம் பயணம் செய்து வந்தவர்கள் ஓலைக் குடிசை ஒன்று வானளவு நிற்பதைப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார்கள். நாம் இன்று காணும் பொம்மைகளில் பல, இப்படிப்பட்ட திருப்பணிகளில் பழுது பார்த்தவையோ புதிதாகச் செய்தவையோதான். ‘13ஆம் நூற்றாண்டுக் கோபுரம்’ என்று சொன்னால் அதன் மேலுள்ள வண்ணமும் ஒவ்வொரு விரலும் 13ஆம் நூற்றாண்டு என்று கொள்ளக் கூடாது.

கலசம் இடிதாங்கியா என்ற கேள்வி வாட்சப்பில் ஓயாமல் சுற்றுவதால் அதையும் தொட்டுவிடலாம். கலசத்துக்குள் வரகு முதலிய தானியங்களை இடுவது உண்மை. ஆனால் இடிதாங்கி என்பது உச்சியில் ஓர் உலோகக் கம்பியாகத் தொடங்கி, அறுபடாத உலோக வழியாக நிலத்துக்குள் இறங்க வேண்டிய ஒன்று. செங்கல் முதுகில் நட்ட கலசத்துக்கு அந்த வழி இல்லை. கலசத்துக்கு வேறு பெருமைகள் உண்டு. அதை அறிவியல் சாதனமாக்கித்தான் அதற்கு மரியாதை சேர்க்க வேண்டும் என்பதில்லை.

விதிக்கு அடங்காத மூன்று கோயில்கள்

படித்ததைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், ஒரே நாளில் மூன்று கோயில்களுக்குப் போய் வரலாம்.

முதலாவது, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள கூடலழகர் கோயில். இங்கே கோபுரம் ஐந்து நிலைதான். பெருமை முழுவதும் விமானத்துக்கு. அட்டாங்க விமானம் என்று பெயர் பெற்ற இதில், மற்ற விமானங்களைப் போல மேல் அடுக்குகள் வெறும் அலங்காரம் அல்ல. ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சன்னதிகள். பெருமாள் கீழே அமர்ந்தும், நடுவில் நின்றும், மேலே பள்ளிகொண்டும் இருக்கிறார். விமானத்துக்குள் படியேறிப் போகும் வாய்ப்பு அபூர்வமானது. அந்த வகையில் மதுரையில் விமானத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது, திருப்பரங்குன்றம். ஏழு நிலைக் கோபுரம் தூரத்திலிருந்தே அழைக்கும். ஆனால் கருவறையின் மேல் விமானத்தைத் தேடினால் கிடைக்காது. மூலவர்கள் இருப்பது மலையைக் குடைந்து உண்டாக்கிய 8ஆம் நூற்றாண்டுக் குடைவரையில். மேலே மலையே நிற்கும்போது கொத்தனாருக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது, அழகர்கோயில். இங்கே சோமசந்த விமானம் சதுரமாக இல்லாமல் வட்டமாக அமைந்திருக்கிறது. சதுரத்தை வைத்து நான் முன்பு சொன்ன அடையாளம் இந்த இடத்தில் தோற்றுவிடும். கோபுரமோ அதைவிட ஒரு படி மேலே போகிறது. வாசலின் மேல் எழுப்பிய கட்டடம்தான் கோபுரம் என்றோம் அல்லவா? இங்கே ராஜகோபுரத்தின் வாசல் வழியாக யாரும் போவதில்லை. அது மூடிய கதவு. பக்தர்கள் உள்ளே போவது பக்கத்திலுள்ள வண்டி வாசல் வழியாக. மூடிய அந்தப் பெரிய கதவுகளே பதினெட்டாம்படிக் கருப்பணசாமி. சிலை கிடையாது. கதவுக்குச் சந்தனம், கதவுக்கு மாலை, கதவுக்கு முன்னால் வரிசையாக அரிவாள்கள். சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகர், இந்தக் கதவின் முன் நின்று விடைபெற்றுக்கொண்டுதான் வைகைக்குக் கிளம்புவார்.